நகரத்தின் தாகமும் நமது கடமையும்

(பம்பலப்பிட்டியில் நடைபெற்ற பொதுக்கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வரட்சிக் காலத்தில் ஒரு பெருநகரம் தன் நீர்ச் செலவை எங்ஙனம் குறைத்துக்கொள்வது என்பது பற்றிப் பேசுமாறு பணிக்கப்பட்டுள்ளோம். அரசியல் மேடையில் தண்ணீர்க் குழாய்க்கு என்ன வேலை என்று முன்வரிசை நண்பர்கள் சிலர் முறுவலிப்பதைக் காண்கின்றோம். குழாயில் நீர் வரும்வரை அது பொறியியலாளர் விடயம். நீர் குறைந்த நாளில் எந்த வீட்டுக்கு முதலில் நின்றது, எந்த வீட்டுக்கு நிற்கவே இல்லை என்ற கேள்வி எழும்போது அது நீதியின் விடயமாகிவிடுகிறது. அதனை நாம் பேசாமல் வேறு யார் பேசுவது?

இந்த அவையில் உத்தியோகத்தரும் வைத்தியரும் வர்த்தகரும் இருக்கின்றீர்கள். வழக்கு விடயமாகவும் பிள்ளைகளைக் காணவும் வடக்கிலிருந்து வந்துள்ள கமக்காரப் பெருமக்களும் இருக்கின்றீர்கள். இரு சாராரும் கட்சிக்காரராயுள்ள ஒரு வழக்கையே இன்று எடுத்துரைக்க வந்துள்ளோம்.

குழாயின் மறுமுனை

நாம் குடிக்கும் நீர் எங்கிருந்து வருகிறது? 1886ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட லபுகம நீர்த்தேக்கத்திலிருந்தும், பின்னர் அதனருகே கட்டப்பட்ட களட்டுவாவ நீர்த்தேக்கத்திலிருந்தும் ஒரு பகுதி வருகிறது. பெரும்பகுதி களனி கங்கையிலிருந்து அம்பத்தலையில் ஏற்றப்பட்டுச் சுத்திகரிக்கப்பட்டு வருகிறது. களனி கங்கை எங்கே பிறக்கிறது? பொகவந்தலாவையிலும் நோர்வூட்டிலும் மஸ்கெலியாவிலும் தேயிலைக் கொழுந்து பறிக்கும் நம் சகோதரிகளின் காலடியிற் பிறக்கிறது. காசல்ரீயிலும் மவுசாகலையிலும் தேக்கப்பட்ட நீர், மின்சாரம் பிறப்பித்த பின் ஆற்றோடு சேர்ந்து நம்மிடம் வருகிறது. அந்த மலைகளில் பல லயங்களுக்கு இன்றும் ஊற்றும் பொதுப் பீலியுமே கதி. தலைநகரின் தாகத்தைத் தீர்க்கும் ஆற்றின் தலைமாட்டில் இருப்பவர்கள் குடத்துடன் வரிசையில் நிற்கின்றார்கள்.

மவுசாகலையில் நீர் வற்றும் காலங்களில், நீர்த்தேக்கத்துக்காக மூழ்கடிக்கப்பட்ட பழைய மஸ்கெலியா நகரின் கோவிலும் விகாரையும் பள்ளிவாசலும் தலைகாட்டுகின்றன. மக்கள் சென்று பார்த்து வருகின்றார்கள். அந்தக் காட்சி பம்பலப்பிட்டியில் இருக்கும் நமக்கு ஓர் எச்சரிக்கை. மேலே கோபுரம் தெரிந்தால், கீழே குழாய் வரண்டு போகும் நாள் தொலைவில் இல்லை.

ஆண்டுக்கு ஏறத்தாழ 2,400 மில்லிமீற்றர் மழை பெய்யும் கொழும்புக்கு வரட்சி ஏது என்று சிலர் கேட்கக்கூடும். களனியில் ஓட்டம் குறைந்தால் முகத்துவாரத்திலிருந்து கடல்நீர் ஆற்றின் அடியாக மேலேறி வருகிறது. ஆண்டுக்கணக்காக மணல் அள்ளியதால் ஆற்றின் படுகை தாழ்ந்து, கடலுக்கு வழி எளிதாகிவிட்டது. அம்பத்தலை வரை உப்பு எட்டாதிருக்க ஆற்றின் குறுக்கே மணல் மூட்டைகளை அடுக்க வேண்டியிருந்த காலங்களும் உண்டு. 2016இன் இறுதியிலும் 2017இலும் நாட்டை வாட்டிய வரட்சியில் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் அல்லலுற்றதை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். ஆறு இருக்கின்றது என்பது குடிநீர் இருக்கின்றது என்பதற்கு உத்தரவாதம் ஆகாது.

கமக்காரரின் சட்டம்

வரட்சியை எவ்வாறு பங்கிடுவது என்ற கலையை நகரத்தவராகிய நாம் ஐரோப்பாவில் தேட வேண்டியதில்லை. நம் கமக்காரரிடம் அது நெடுங்காலமாக இருக்கின்றது.

போகம் தொடங்குமுன் குளத்து நீரை நம்பியிருக்கும் கமக்காரர் அனைவரும் கூட்டம் கூடுகின்றார்கள். குளத்தில் எத்தனை அடி நீர் என்பதைப் பொறியியலாளர் சொல்கின்றார். அதற்கேற்ப எத்தனை ஏக்கர் விதைப்பது, எந்த நாளிற் துருசு திறப்பது, எந்த நாளில் மூடுவது என்பன யாவரும் அறியத் தீர்மானிக்கப்படுகின்றன. சிறுபோகத்தில் நீர் போதாவிடின் வயல் முழுவதையும் விதைப்பதில்லை. குளத்துக்கு அண்மையிலுள்ள ஒரு பகுதியை மட்டும் விதைத்து, கடைசி வயற்காரனுக்கும் அதிற் பங்கு கொடுக்கின்றார்கள். சிங்களக் கமக்காரர் இதனைப் பெத்ம என்பர். வாய்க்காலின் தலைப்பில் இருப்பவன் விளைவிக்க, கடைக்கோடியில் இருப்பவன் பட்டினி கிடப்பது அந்த முறையில் இல்லை.

யாழ்ப்பாணத்து உறுதிகளைப் படித்துப் பழகிய நமக்கு இன்னொன்றும் தெரியும். காணியின் பரப்பையும் எல்லையையும் எழுதிய பின், கிணற்றில் உள்ள பங்கும் வழிவாய்க்கால் உரித்தும் தவறாமல் எழுதப்படும். துலா மிதித்து நீர் இறைத்த நம் பாட்டன்மாருக்குக் கிணறு பொது, முறை தனி. ஒருவன் முறை முடிந்ததும் அடுத்தவன் வாய்க்காலைத் திருப்பிக் கொள்வான். எத்தனையோ கிணற்று வழக்குகள் நீதிமன்றம் ஏறியது உண்மையே. அவ்வழக்குகளிற் பெரும்பாலும் வாதிடப்பட்டது பங்கின் அளவு. பங்கு என்பதே வேண்டாம் என்று வாதிட்டவரை நாம் கண்டதில்லை.

இந்த மூன்று விதிகளைக் கவனியுங்கள். இருப்பு எவ்வளவு என்பது எல்லாருக்கும் தெரிய வேண்டும். குறைப்பு எல்லார்மீதும் விழ வேண்டும். கடைக்கோடியில் இருப்பவனுக்குப் பங்கு உறுதி செய்யப்பட வேண்டும். இந்த அளவுகோலை வைத்தே நகரத்தை அளந்து பார்ப்போம்.

நேரவெட்டு ஒரு தீர்வா?

நீர் குறைந்தவுடன் நகரங்கள் வழக்கமாகச் செய்வது யாது? நேரவெட்டு. காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம் என்று குழாயைத் திறந்து மூடுவது. பார்வைக்கு இது சமத்துவம் போலத் தோன்றும். உள்ளே சென்று பார்த்தால் அப்படியில்லை.

வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியின் நிலத்தடியில் ஒரு தாங்கியும் கூரைமேல் ஒரு தாங்கியும் இருக்கும். நீர் வரும் இரண்டு மணி நேரத்தில் இரண்டும் நிரம்பிவிடும். மாடியிலுள்ளவர்களுக்கு வெட்டு நடந்ததே தெரியாது. கொட்டாஞ்சேனையின் தோட்டமொன்றில் பல குடும்பங்களுக்குப் பொதுவான ஒரு குழாயடிதான் உண்டு. அங்கே தாங்கி இல்லை. வாளியும் வரிசையுமே உண்டு. வேலைக்குச் செல்லும் பெண் அந்த நேரத்திற் குழாயடியில் நிற்க முடியாவிடின் அன்று அவள் வீட்டில் நீரில்லை. ஒரே நேரவெட்டு ஒருவனுக்குச் செய்தி, மற்றவனுக்குத் தண்டனை.

மேலும், குழாய் வெறுமையாகும்போது அதன் ஓட்டைகள் வழியே சுற்றியுள்ள அழுக்கு நீர் உள்ளே இழுக்கப்படுகிறது. மீண்டும் நீர் வரும்போது அந்த அழுக்கும் சேர்ந்தே வருகிறது. அடுத்த முறை வருமோ வராதோ என்ற அச்சத்தில் மக்கள் அளவுக்கு மீறிப் பிடித்து வைத்து, புதுநீர் வந்ததும் பழையதைக் கொட்டுகின்றார்கள். ஆதலின் நேரவெட்டு செலவைக் குறைக்கும் என்ற நம்பிக்கையும் அரைகுறை நம்பிக்கையே. அது கடைசி ஆயுதமாக இருக்கலாம். முதலாவது ஆயுதமாக இருத்தல் ஆகாது.

முதற் குற்றவாளி: ஒழுகும் குழாய்

அவ்வாறாயின் முதலாவது ஆயுதம் எது? ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனுதவியுடன் கொழும்பு நகரின் நீர்வழங்கலைச் சீர்திருத்தும் திட்டம் 2012ஆம் ஆண்டளவில் வகுக்கப்பட்டபோது, நகரத்துக்கு அனுப்பப்படும் நீரில் நூற்றுக்கு 49 பங்கு வருமானம் தராமற் போகிறது என்று கணக்கிடப்பட்டது. அதனை 18 ஆகக் குறைப்பதே அன்றைய இலக்கு. நூறு குடம் சுத்திகரித்து அனுப்பினால் ஏறத்தாழ ஐம்பது குடத்துக்குக் கணக்கில்லை என்பதே அன்றைய நிலை. இதில் ஒரு பகுதி பொதுக் குழாய்களில் இலவசமாகக் கொடுக்கப்படுவது; ஒரு பகுதி பழுதான மானியாலும் களவு இணைப்பாலும் தப்புவது; பெரும்பகுதி நூறாண்டு கண்ட இரும்புக் குழாய்களிலிருந்து மண்ணுக்குள் ஒழுகிப் போவது.

நம் வீட்டு ஒழுங்கையின் முகப்பிலேயே வீதியின் அடியிலிருந்து நீர் கசிந்து ஓடியது. அறிவித்தோம். ஒரு காரியாலயம் மறு காரியாலயத்தைக் காட்டியது. அது வீதி வெட்டும் அனுமதிக்கு இன்னொன்றைக் காட்டியது. மழையற்ற அந்த மாதம் முழுவதும் ஒழுங்கை ஈரமாகவே இருந்தது. அதே மாதத்தில் நீரைச் சிக்கனமாகப் பாவிக்குமாறு நமக்கு அறிவுரை வந்தது. அறிவுரை சரியானதே. ஆயினும் தன் பானையில் ஓட்டையை வைத்துக்கொண்டு பிள்ளையின் கோப்பையை அளக்கும் தாயை எவர் மதிப்பார்?

இது தீராத நோயென்று சொல்வோருக்குக் கம்போடியாவின் தலைநகரான புனோம் பென்னைக் காட்ட விரும்புகின்றோம். போரால் நொறுங்கிய அந்நகரில் 1993இல் நூற்றுக்கு 72 பங்கு நீர் கணக்கின்றிப் போயிற்று. எக் சொன் சான் என்ற பொறியியலாளர் அவ்வாண்டில் நீர்வழங்கல் சபையின் பொறுப்பை ஏற்றார். ஒவ்வோர் இணைப்புக்கும் மானி வைத்தார். பழைய குழாய்களை மாற்றினார். ஊழலில் ஈடுபட்டோரை நீக்கினார். ஏழைக் குடும்பங்களுக்குச் சலுகையில் இணைப்புக் கொடுத்தார். கட்டணம் செலுத்தாத படைத்தளபதி ஒருவரின் வீட்டுக்குச் சென்றபோது அவர் தலைக்கு நேரே துப்பாக்கி நீட்டப்பட்டது. அவர் திரும்பிச் சென்று அந்த இணைப்பைத் துண்டித்தே விட்டார். பதினைந்து ஆண்டுகளுக்குள் இழப்பு நூற்றுக்கு ஆறளவில் வந்து நின்றது. நகரம் இருபத்துநான்கு மணி நேரமும் நீர் பெற்றது. போர் கண்ட ஏழை நாடொன்றில் இது முடிந்ததென்றால், கொழும்பில் முடியாது என்பதற்கு நியாயம் என்ன?

குழாய்களை மாற்ற ஆண்டுகள் செல்லும். ஆனால் வரட்சி அறிவிக்கப்பட்ட வாரத்திலேயே செய்யக்கூடியது ஒன்றுண்டு. நகரம் உறங்கும் நள்ளிரவில் குழாய்களின் அமுக்கத்தைக் குறைத்தால் ஒழுக்கும் குறையும். ஒருவர் வாளியிலிருந்தும் ஒரு துளி எடுக்கப்பட மாட்டாது.

கேப் டவுனின் பாடம்

தென்னாபிரிக்காவின் கேப் டவுன் நகரம் மூன்றாண்டு வரட்சியின் முடிவில், 2018இல், குழாய்கள் மூடப்படும் நாளை எண்ணிக்கொண்டிருந்தது. அவ்வாண்டு பெப்ரவரி 1ஆந் திகதி முதல் ஆளுக்கு நாளொன்றுக்கு 50 லீற்றர் என்ற எல்லை விதிக்கப்பட்டது. அணைகளில் எவ்வளவு நீர் என்பது வாரந்தோறும் வெளியிடப்பட்டது. மிகுதியாகச் செலவிடுவோரின் கட்டணம் கடுமையாக உயர்ந்தது. அமுக்கம் குறைக்கப்பட்டது. 2015இல் நாளொன்றுக்கு 100 கோடி லீற்றருக்கு மேல் செலவிட்ட நகரம், 2018இல் ஏறத்தாழ அதிற் பாதியைக் கொண்டு வாழ்ந்தது. குழாய்களை மூடும் அந்த நாள் வரவேயில்லை.

இதில் கமக்காரருக்கு ஒரு பங்குண்டு. அப்பகுதி விவசாயத்துக்குரிய நீர் நூற்றுக்கு 60 பங்கு வெட்டப்பட்டது. அதற்கு மேலும், குரோன்லாண்ட் பகுதிக் கமக்காரர் தம் சொந்த அணையிலிருந்து 1,000 கோடி லீற்றரை நகரத்துக்குத் திறந்து விட்டனர். நகரம் தப்பியதற்கு மாணவர் வாளியிற் குளித்தது மட்டும் காரணமன்று. கமக்காரன் தன் நீரில் ஒரு பங்கு கொடுத்ததும் காரணம். நகரத்தின் விரயத்தை ஈடுகட்டுபவன் எப்போதும் எங்கோ ஒரு வயலில் நிற்கின்றான்.

அயலிலுள்ள சென்னை இதனை வேறு விதமாகக் கற்றுத்தந்தது. 2019இன் கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வரண்டன. ஜோலார்பேட்டையிலிருந்து புகையிரதத்தில் குடிநீர் கொண்டுவரப்பட்டது. தனியார் வண்டிகள் சுற்றுப்புறக் கிராமக் கிணறுகளை உறிஞ்சி நகரத்துக்கு விற்றன. தம் கிணறு வற்றுவதைக் கண்ட கிராமத்தவர் வண்டிகளை மறித்தனர். 2003இலேயே தமிழ்நாட்டில் மழைநீர் சேமிப்பு எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டிருந்தது. சட்டம் மட்டும் போதாது. ஆண்டுதோறும் அதனைப் பார்வையிடும் கண்ணும் வேண்டும்.

நம் வடக்கிலும் இந்த வழக்கு எழுந்தது. இரணைமடு நீரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோகும் திட்டம் வந்தபோது, கிளிநொச்சிக் கமக்காரர் தம் சிறுபோகம் என்னாகும் என்று கேட்டனர். யாழ்ப்பாணத்தவர் தம் பிள்ளைகள் எதைக் குடிப்பது என்று கேட்டனர். இரு கேள்விகளும் நியாயமானவை. ஆண்டுகள் பல கழிந்து, 2024 ஆகஸ்டில் தாளையடியில் நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. சுன்னாகத்தில் நிலத்தடி நீர் எண்ணெயால் மாசுற்ற வழக்கில் 2019இல் உயர் நீதிமன்றம் 2 கோடி ரூபா இழப்பீடு விதித்தது. தீர்ப்பை மதிக்கின்றோம். ஆயினும் கெட்ட கிணற்றைத் திருப்பிக் கொடுக்கும் அதிகாரம் எந்த நீதிமன்றத்துக்கும் இல்லை.

கட்டணமும் நீதியும்

அதிகம் செலவிடுபவன் அதிகம் கொடுக்க வேண்டும் என்ற படிமுறைக் கட்டணம் நல்லதே. ஆனால் அது இணைப்பை எண்ணுகிறது, ஆட்களை எண்ணுவதில்லை. மூவர் வாழும் வீட்டுக்கு ஒரு மானி. ஒரே இணைப்பைப் பகிரும் நான்கு குடும்பங்களுக்கும் ஒரு மானி. நான்கு குடும்பங்களின் சிக்கனமான செலவு ஒன்றாய்க் கூடி உயர்ந்த படிக்கு ஏறிவிடுகிறது. தனிவீட்டுக்காரரின் புற்றரை நீர் தாழ்ந்த படியில் நின்றுவிடுகிறது. ஏழைக்குத் தனி மானி கொடுக்க வேண்டும். இயலாவிடின் ஆட்தொகை பார்த்துப் படியை வகுக்க வேண்டும். வாழ்வுக்கு வேண்டிய அளவு மலிவாகவும், ஆடம்பரத்துக்கு வேண்டிய அளவு விலையேறியும் இருப்பதே நீதி.

நம் வீட்டுக்குள் வருவோம்

இதுவரை பிறரைக் குற்றஞ் சாட்டினோம். இனி நம்மைக் கூண்டில் ஏற்றுவோம். 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 28ஆம் உறுப்புரை குடிமக்களின் கடமைகளைக் கூறுகிறது. பொதுச் சொத்தைக் காப்பதும் அதன் விரயத்தை எதிர்ப்பதும் அவற்றுள் ஒன்று. அடுத்த உறுப்புரை, இக்கடமைகளை நீதிமன்றத்தின் மூலம் வலியுறுத்த முடியாது என்கிறது. வழக்குப் போட முடியாத கடமையைச் செய்கின்றவனே நல்ல குடிமகன்.

இன்றிரவு படுக்கைக்குச் செல்லுமுன் எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு நீர்மானியின் இலக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். காலையில் எவரும் எழுமுன் மறுபடி பாருங்கள். இலக்கம் மாறியிருந்தால் உங்கள் வீட்டில் ஒழுக்கு உண்டு. மலசலகூடத் தாங்கியில் சிறிது நிறச்சாயம் கலந்து, நீரை இழுத்துவிடாது அரைமணி நேரம் விடுங்கள். கோப்பையில் நிறம் தெரிந்தால் அங்கே நீர் ஓசையின்றி ஓடிக்கொண்டிருக்கின்றது. விநாடிக்கு ஒரு துளி சொட்டும் குழாய் நாளொன்றுக்கு இருபது லீற்றர் அளவு கொட்டிவிடும். ஒரு சிறு இறப்பர் வளையத்தின் விலை அதற்கு மருந்து.

கூரைத் தாங்கி நிரம்பி வழிந்து சுவரை நனைப்பதை எத்தனை தொடர்மாடிகளிற் காண்கின்றோம்? மிதவை பழுதென்று முகாமைக் குழுவுக்குத் தெரியும். அடுத்த கூட்டத்திற் பேசுவோம் என்பர். பெருங்குழாயில் நேரே பம்பி வைத்து உறிஞ்சும் வீடுகளும் உண்டு. அவர்கள் உறிஞ்சுவது நீர்வழங்கல் சபையின் நீரை அன்று. வீதிமுனையிலிருக்கும் தோட்டத்துக் குடும்பங்களின் பங்கை. வாகனம் கழுவக் குழல் வேண்டாம். ஒரு வாளி போதும். குழாய்நீர் இல்லாவிடின் குழாய்க்கிணறு வெட்டுவோம் என்போர், கடலோரத்தில் அளவின்றி இறைத்தால் அக்கிணற்றிலும் கடலே ஏறும் என்பதை நினைக்கவேண்டும்.

மழையைப் பாருங்கள். நூறு சதுர மீற்றர் கூரையில், கொழும்பின் மழைக்கு, ஆண்டில் ஏறத்தாழ 2,40,000 லீற்றர் விழுகிறது. ஐந்தில் ஒரு பங்கு வீணாயினும் மிகுதி ஒரு குடும்பத்தின் கழுவலுக்கும் மலசலகூடத்துக்கும் பெரிய துணை. 2007ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகாரசபைத் திருத்தச் சட்டத்தின் வழியாகப் புதிய கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பு சட்டத்திலேயே இடம்பெற்றுவிட்டது. நம் தொடர்மாடிகளில் அந்தத் தாங்கி எங்கே இருக்கின்றது, அதில் நீர் இருக்கின்றதா அல்லது பழைய தளபாடம் இருக்கின்றதா என்று வீடு திரும்பியதும் பாருங்கள்.

நாம் கோருவன

முதலாவது: வரட்சிக் காலத்தில் நீர்த்தேக்கங்களின் இருப்பும், களனியின் உப்பளவும், நகரத்தின் நாட்செலவும் வாரந்தோறும் மும்மொழிகளிலும் வெளியிடப்பட வேண்டும்.

இரண்டாவது: வீதியில் ஒழுக்கு அறிவிக்கப்பட்டால் எத்தனை நாளிற் திருத்தப்படும் என்ற கெடு விதிக்கப்பட வேண்டும். அறிவிப்பும் அனுமதியும் ஒரே வாயிலில் முடிய வேண்டும்.

மூன்றாவது: வெட்டு வருமானால் அது புற்றரை, நீச்சற்குளம், வாகனம் கழுவும் நிலையம், அரச காரியாலயம் ஆகியவற்றிற் தொடங்க வேண்டும். பொதுக் குழாயடி கடைசியாகவே தொடப்பட வேண்டும். தாங்கியில்லாத் தோட்டங்களுக்கு வெட்டுக்கு முன்னரே தாங்கி வைக்கப்பட வேண்டும். பவுசர் வரும் நேரம் முன்கூட்டி அறிவிக்கப்பட வேண்டும்.

நான்காவது: கூட்டு இணைப்புகளுக்கு ஆட்தொகைப்படி கட்டணம் வகுக்கப்பட வேண்டும்.

ஐந்தாவது: களனியின் மணலும் மலைநாட்டு ஊற்றுக் காடும் காக்கப்பட வேண்டும். அந்த ஊற்றுகளின் அருகே வாழும் தோட்டத் தொழிலாளர் வீடுகளுக்குக் குழாய்நீர் செல்லாமல் எந்த நகர நீர்த்திட்டமும் நிறைவு பெற்றதாகக் கொள்ளப்படக் கூடாது.

இவற்றில் எதுவும் ஆகாயத்திலிருந்து விழும் கோரிக்கையன்று. குளத்தங்கரையில் கமக்காரர் நெடுங்காலமாக நடத்திவரும் நீதியை நகரத்துக்குக் கொண்டுவாருங்கள் என்றே கேட்கின்றோம்.

இன்றிரவு வீடு சென்றதும் மானியைப் பாருங்கள். நாளைக் காலை உங்கள் ஒழுங்கையில் ஒழுகும் இடத்தை எழுதி, பிரதியொன்றை வைத்துக்கொண்டு, உரிய இடத்துக்கு அனுப்புங்கள். பதில் வராவிடின் அப்பிரதியுடன் நம்மிடம் வாருங்கள். வழக்காட நாம் ஆயத்தமாயிருக்கின்றோம். ஆனால் சாட்சிக் கூண்டில் ஏறும்போது எதிர்த்தரப்பார், "உமது வீட்டுத் தாங்கி வழியவில்லையா?" என்று கேட்டால், இல்லை என்று சத்தியஞ் செய்யும் தகுதியோடு வாருங்கள்.